சத்திரக்காரன் பெண்டாட்டி

எனக்கு நன்றாக ஜெபிக்க வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் மாட்டிக்கொண்டதே அதனால்தான் என்பதால் சொல்கிறேன். சிலருக்குப் பாட வரும், சிலருக்குக் கேக் செய்ய வரும், எனக்கு ஜெபம் வரும். கண்ணை மூடினால் போதும், வார்த்தைகள் தாமாக வந்து வரிசையில் நிற்கும். கல்பாக்கம் குடியிருப்பில் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் புது வீடு, பிரசவம், பிள்ளைக்குப் பரீட்சை என்று எது வந்தாலும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். "நீங்க ஜெபிச்சாத்தான் மனசு நிறையுது" என்பார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன்.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. என் கணவருக்கு அணு ஆராய்ச்சி வேலை. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து பல வருஷம் ஆகியும் இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பழகவில்லை. 'இன்னா', 'கீது' என்று யாராவது ஆரம்பித்தால் என்னோடு சண்டைக்கு வருகிறார்களோ என்றுதான் முதலில் தோன்றும். பள்ளிக்கூடம், கடை, சபை எல்லாம் குடியிருப்புக்குள்ளேயே இருந்ததால் பழக வேண்டிய கட்டாயமும் இல்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை பெண்கள் சங்கத்தார் வேன் பிடித்துச் செங்கல்பட்டுக்குப் போவோம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கட்டில் கட்டிலாகப் போய், ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்து, நலம் விசாரித்து, கேட்டவர்களுக்கு ஜெபித்துவிட்டு வருவோம். ஆஸ்பத்திரி ஊழியம் என்று அதற்குப் பெயர். திரும்பும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் நிறுத்திக் காபி. உண்மையைச் சொன்னால் அந்தக் காபிக்காகவே வந்தவர்களும் உண்டு. தப்பில்லை, குடியிருப்புக்குள் அடைந்து கிடக்கிற பெண்களுக்கு அதுவும் வேண்டியதாகத்தான் இருந்தது.

அப்படிப் போன ஒரு சனிக்கிழமைதான் மீன்காரம்மாவைப் பார்த்தேன். கடைசிக் கட்டிலில் கிடந்தார். அறுபதை நெருங்கும் வயது, கறுத்த, திடமான உடம்பு. மீன் கூடையோடு பஸ் படியிலிருந்து விழுந்து தொடையெலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். "இவங்களுக்கு இங்க பண்ண வேண்டியதெல்லாம் முடிஞ்சுதும்மா, வீட்டுல வச்சுப் பாத்துக்கணும். கேட்டா எனக்கு யாருமில்லன்னு சொல்றாங்க. ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்றார் நர்ஸ்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் போதகரின் மனைவி, ஐயரம்மா என்று கூப்பிடுவோம், என் முதுகில் லேசாகத் தட்டினார். நான் கண்ணை மூடினேன்.

"கிருபையுள்ள ஆண்டவரே, சின்னக் குருவிக்கும் கூடு கொடுத்தவரே, இந்தத் தாய்க்கு ஒரு வீட்டுக் கதவைத் திறந்தருளும். தலைசாய்க்க ஒரு கட்டிலை, பசியாற ஒரு கவளத்தை, தாங்கிப் பிடிக்க ஒரு கையை ஆயத்தம்பண்ணும். இல்லையென்று சொல்லாத ஓர் இருதயத்தை இன்றைக்கே எழுப்பும்..."

'இன்றைக்கே' என்ற இடத்தில் என் குரல் தழுதழுத்தது. அது எப்போதும் வருவதுதான். எல்லோரும் கனமாக ஆமென் சொன்னார்கள். நான் கண்ணைத் திறந்தேன். மீன்காரம்மா கண்ணை மூடவே இல்லை போலிருக்கிறது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உன் வூடு எங்க கீது?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கல்பாக்கம்" என்றேன்.

"கிட்டதான். எப்ப இட்டுகினு போவ?"

நான் ஐயரம்மாவைப் பார்த்தேன். ஐயரம்மா வாழைப்பழங்களைப் பார்த்தார். மற்றவர்கள் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். நர்ஸ் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, அது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "ரொம்ப நல்லதும்மா, ஆண்டவர் உங்களை அனுப்பியிருக்கார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் பார்க்க, கேட்க, அப்போதுதான் நான் இல்லையென்று சொல்லாத இருதயத்தைக் கேட்டு முடித்திருந்தேன். எந்த வாயால் இல்லையென்று சொல்வது?

அன்றைக்குத் திருக்கழுக்குன்றத்தில் காபி கிடையாது. வேனின் பின் சீட்டில் மீன்காரம்மா காலை நீட்டிப் படுத்திருந்தார்.

வீட்டு வாசலில் என் கணவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தூக்குவதற்குக் கையை நீட்டினார்.

கொஞ்ச நாள்தான் என்று எல்லோருமே நினைத்தோம். பிள்ளைகளின் அறையை ஒழித்து அவருக்குக் கொடுத்தோம். பிள்ளைகள் ஹாலில் படுத்தார்கள். பெட்பேன் எடுப்பது, உடம்பு துடைப்பது, தலை சீவுவது, தையல் போட்ட இடத்தில் மருந்து போடுவது எல்லாம் நான். முதல் வாரம் ஒரு வேகத்தில் செய்துவிட்டேன். இரண்டாவது வாரம் சபையில் எல்லோரும் என்னைப் பார்த்து, "உங்களுக்குப் பரலோகத்துல பெரிய கிரீடம் இருக்கு" என்றார்கள். அதற்கப்புறம்தான் பயம் வந்தது. கிரீடம் என்கிறார்களே தவிர, நாளைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லையே.

வெளியே போக முடியாது. கடைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் ஓடி வரவேண்டும். பாடகர் குழுப் பயிற்சி போயிற்று, சாயங்கால நடை போயிற்று, மே மாதம் ஊருக்குப் போவது என்ற பேச்சே போயிற்று. கதவைத் திறந்து வைத்தால் பக்கத்து வீட்டம்மா வந்து, "என்னவோ வாடை வருதே" என்று மூக்கைச் சுளிப்பார். அதனால் சாத்தியே வைத்திருந்தேன். வெயில் காலம். டெட்டால் வாடையும் கஞ்சி வாடையும் சுவருக்குள் ஏறிவிட்டன. சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுவேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்த அழுகை யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீன்காரம்மாவுக்கோ பேச்சு ஓயாது. "உன் வூட்டுக்காரன் இன்னா பேசவே மாட்டேன்றான்? ஊமையா?", "இன்னாம்மா நாஸ்தாவுக்கு எப்பப் பாரு இட்லி, வாய்க்கு வெளங்கல", "உங்க சாமிக்கு ஒண்ணுமே படைக்க மாட்டீங்களா, பாவம்". என்னை 'நீ' என்றுதான் பேசுவார். சபையில் கிரீடம் தருகிறார்கள், வீட்டில் ஒரு 'ங்க' கிடைக்கவில்லை. ஒரு நாள், "கடல் சத்தம் கேக்குது, கடலக் காணோமே. எப்டிம்மா இதுக்குள்ள குந்திகினு கீற?" என்றார். நான் கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் திணித்தேன்.

வீடு எது, சொந்தம் யார் என்று நான் கேட்காமல் இல்லை. சாமி சத்தியமாக, கேட்காத நாள் இல்லை. "எந்தக் குப்பம்மா நீங்க?" என்றால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "யாருமில்லன்னு சொன்னேன் இல்ல? அந்தப் பேச்ச எடுக்காத." அவ்வளவுதான். ஆனால் காலையில் மீன் கூடைப் பெண்கள் ஏறி வருகிற பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போது மட்டும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொள்வார். அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

நடந்தால்தானே போவார்? எனக்கு அந்த ஒரே நம்பிக்கைதான் இருந்தது. திரும்பச் செங்கல்பட்டுக்குக் காட்டக் கூட்டிப்போனபோது டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு நல்லாச் சேர்ந்துருச்சு. இனிமே படுத்தே இருக்கக் கூடாது. வாக்கரைப் பிடிச்சு நடக்கணும். இப்ப நடக்கலன்னா காலு இப்படியே இறுகிப்போயிரும், அப்புறம் எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். மீன்காரம்மா காதில் விழும்படிதான் சொன்னார். அவரும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்தார். வாக்கரைச் சுவரோரம் நிறுத்தினேன். அது நின்ற இடத்திலேயே நின்றது.

கெஞ்சினேன். "ரெண்டு எட்டு வைங்கம்மா." "வலிக்குது." மிரட்டினேன். "காலு போயிரும்மா!" "போனா போவுது." பிள்ளைகளை விட்டுக் கெஞ்சச் சொன்னேன். மீன் குழம்பு வைத்து அடுப்படியில் வந்து சாப்பிட்டால்தான் உண்டு என்றேன். பட்டினி கிடந்தார், நானே தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கால் நாளுக்கு நாள் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. ராட்சசி, சோறும் டி.வி.யும் கண்ட சுகத்தில் இந்தக் கட்டிலை விட்டு இறங்க மனசில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பது? தன் காலையே ஒருத்தி வேண்டாமென்று விடுவாளா?

ஒரு ஞாயிறு என் கணவர் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ள, நான் ஆராதனைக்குப் போனேன். பைபிள் கதையில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தவனைப் பற்றித்தான் அன்றைக்குப் பிரசங்கம். அவனைப் போல நாமும் இருக்கவேண்டும் என்றார் போதகர். எனக்கு வந்ததே கோபம்! அவன் மறுநாளே கழுதையை ஓட்டிக்கொண்டு போய்விட்டானே ஐயா. சத்திரக்காரனிடம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனான், சரி. சத்திரக்காரனா பார்த்திருப்பான்? அவன் பெண்டாட்டிதானே பெட்பேன் எடுத்திருப்பாள்? அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவளுக்கு ஒரு பிரசங்கம் உண்டா? பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் பெருமூச்சு விட்டேன்.

ஆராதனை முடிந்ததும் ஐயரம்மாவிடம் போய் நேராகவே கேட்டேன். "என்னால முடியலம்மா. சபையில ஆளுக்கு ஒரு வாரம் வச்சுப் பாத்துக்கிட்டா என்ன?" அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாரத்தைத் தனியாச் சுமக்காதீங்க, நாங்க எல்லாரும் செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்கு வரோம்" என்றார். ஆஹா, கதவு திறந்துவிட்டது என்று நான் வீட்டுக்குப் பறந்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தார்கள். டீயும் முறுக்கும் கொடுத்தேன். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஜெபித்தார்கள்.

"ஆண்டவரே, எங்கள் சகோதரிக்குப் பெலன் தாரும். சோர்ந்துபோகாத கைகளைத் தாரும். பொறுமையைத் தாரும்." ஒருத்தர் முடித்ததும் அடுத்தவர். நான் கண்ணை மூடவில்லை. யாராவது வாய் தவறி ஒரு கதவைத் திறந்துவிட மாட்டார்களா, ஒரு கட்டிலைக் கேட்டுவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிக்காரிகள். வீடு என்ற வார்த்தையே ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை. எல்லாம் என் பெலன், என் கை, என் பொறுமை. மீன்காரம்மாவும் கண்ணை மூடாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆமென் சொன்னதும் ஐயரம்மாவைப் பார்த்து, "உன் வூடு பெருசாம்மா?" என்று கேட்டார்.

"ஆண்டவர் வழிநடத்துவார்மா" என்றார் ஐயரம்மா. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். கதவைச் சாத்திவிட்டு நான் அதன் மேலேயே சாய்ந்து நின்றேன். இனிமேல் இந்த வீட்டை விட்டு நான் போகப்போவதில்லை, இந்த அம்மாவும் போகப்போவதில்லை, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் இங்கேயே கிடக்கப் போகிறோம் என்று தோன்றியது. 

எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. மீன்காரம்மா வந்ததிலிருந்து அவர் கட்டிலைச் சுற்றித்தான் உட்காருவோம். ஆளுக்கு இரண்டு வார்த்தை ஜெபிப்போம். அவர் சும்மா கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் என் முறை வந்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை. அப்படி ஒருநாளும் ஆனதில்லை. அத்தனை கோபம். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். அப்போது மீன்காரம்மா, "நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

கேளுங்கள் என்று என் கணவர் தலையசைத்தார். மீன்காரம்மா எங்களைப் போலவே கையைக் கூப்பிக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

"ஏசப்பா, நான் உனக்குப் புச்சு. இந்தம்மா கேட்டா நீ குடுக்கற. அன்னிக்கு ஆஸ்பத்திரில கேட்டுச்சி, ஒடனே குடுத்த. அதான் நானும் கேக்கறேன். இந்தம்மா நல்ல அம்மாதான், வாய்தான் கொஞ்சம் நீளம். காலீல எழுந்தா நட, நட, நடன்னு என் உசுர வாங்குது. எனக்கு நடக்கத் தெரியாதா? நடந்துட்டா எம்புள்ள வூட்டுக்கு எப்டிப் போவேன், அத்தச் சொல்லு. மருமவளாண்ட சண்ட போட்டுட்டேன். குப்பமே நின்னு பாத்துகினு கீது, இனிமே இந்தக் காலால உன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொன்ன வாக்கு சொன்னதுதானே? காலு ஒடஞ்சதும், சரி, இப்ப எவனாவது தூக்கினுதானே போய் வுடணும், மிதிக்காம உள்ள பூந்துடலாம்னு நெனச்சேன். எம்புள்ள கேரளா பக்கம் போட்டுல மீன் புடிக்கப் போயிகீறான், வந்தா தூக்கினு போவான்னு பாத்தேன். அவனக் காணோம். காலு நல்லாயிட்ச்சின்னா நடக்கறவள எவன் தூக்குவான்? ஒரே ஒரு வாட்டி யாராச்சும் தூக்கினு போயி உள்ள வுட்டுட்டா போதும். உள்ள பூந்துட்டா அப்பால நாங்க பேசிக்குவோம். இந்தம்மாவும் பாவம், அடுப்பாண்ட நின்னுகினு அயுவுது. நான் இங்க மாட்டிகினு கீறேன், அது என்னாண்ட மாட்டிகினு கீது. எதுனா பண்ணு. ஆமென்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. நான் அழுதது தெரியுமா இவளுக்கு? வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தைக்காக இந்தப் பெண்பிள்ளை தன் காலையே விறைக்க விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். பைத்தியமா என்று திட்ட வாயெடுத்தேன். திட்ட முடியவில்லை. நான் இத்தனை நாள் பெட்பேன் எடுத்தது எதற்காக? வாயிலிருந்து விழுந்த வார்த்தைக்காகத்தானே?

அவர் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார்.

"உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டேன். எனக்கே தெரியாமல்தான் கேட்டேன். எத்தனையோ முறை கேட்ட கேள்வி. அன்றைக்குத்தான் பதில் வந்தது.

"மாபலிபுரம் போற வழில, சவுக்குத் தோப்பாண்ட எறங்கினா எங்க குப்பம்தான்."

அடப் பாவமே! பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வந்துவிடுகிற இடம். எங்கள் வீட்டில் கேட்கிற அலைச் சத்தம்தான் அங்கேயும் கேட்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் கணவர் மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டு, அணு உலையில் ஏதோ கோளாறு என்று சொன்னது போல, "அப்ப கால் படியில படாமக் கொண்டுபோகணும். அவ்வளவுதான கண்டிஷன்?" என்றார்.

மறுநாள் காலையில் அவர் இரண்டு மூங்கில் கழி கொண்டுவந்தார். கைவைத்த பிரம்பு நாற்காலி ஒன்று போதகர் வீட்டில் இருந்தது நினைவுக்கு வந்து நான் போய்க் கேட்டேன். விஷயத்தைச் சொன்னேன். ஐயரம்மா செங்கல்பட்டுக்குப் போகிற அதே வேனை வரவழைத்து, நாற்காலியோடு தானும் ஏறி வந்துவிட்டார். நாற்காலியைக் கழிகளில் வைத்துக் கட்டி, மீன்காரம்மாவை உட்கார வைத்ததும், ஐயரம்மா வழக்கம்போல, "ஒரு வார்த்தை ஜெபிச்சுட்டுக் கிளம்புவோமா?" என்று என்னைப் பார்த்தார்.

"ஜெபமெல்லாம் நேத்தே அவங்க பண்ணிட்டாங்க. நீங்க ஒரு பக்கம் பிடிங்கம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. ஐயரம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து கழியைப் பிடித்தார்.

சவுக்குத் தோப்போடு வேன் நின்றுவிட்டது. அதற்கப்புறம் மணல். முன்னால் என் கணவரும் வேன் டிரைவரும், பின்னால் ஐயரம்மாவும் நானும். ஒரு அடி வைத்தால் அரை அடி உள்ளே இறங்கியது. கையெல்லாம் எரிந்தது. மீன்காரம்மா ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்தாண்ட போ, இந்தாண்ட முள்ளு கீது" என்று எங்களை ஓட்டிக்கொண்டு வந்தார். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "இன்னா ஆயா, காலு போச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"காலு கீதுடா. சொன்ன வாக்கும் கீதே!" என்றார் மீன்காரம்மா.

அவர்கள் அதற்குச் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அந்தச் சண்டை நினைவிருந்தது என்று தெரிந்தது. எங்கள் பின்னாலேயே நடந்து வந்தார்கள்.

தாழ்ந்த ஓட்டு வீடு. உயரமான இரண்டு படி. சத்தம் கேட்டு ஒரு பெண் வெளியே வந்தாள். மருமகள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையெல்லாம் மீன் செதில். எங்களைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், விறைத்து நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலைப் பார்த்தாள். வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். மீன்காரம்மா முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். இத்தனை நாள் ஓயாத அந்த வாய் இறுக மூடியிருந்தது.

 கழி என் உள்ளங்கையை அறுத்தது. இவள் உள்ளே விடாவிட்டால் இந்தக் கட்டைக் காலோடு இவரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அந்த அறை, அந்தச் சாத்திய கதவு, அந்த டெட்டால் வாடை எல்லாம் கண்முன் வந்து நின்றன. என்னால் முடியாது. ஆண்டவரே, என்னால் முடியவே முடியாது. 

"அதோட தங்கச்சி வூட்ல கீதுன்னு நெனச்சிகினு இருந்தோம்" என்றாள் அந்தப் பெண், பொதுவாக, யாரையும் பார்க்காமல்.

 என் கணவர் மெதுவாக ஒரு அடி முன்னால் வைத்தார். டிரைவரும் வைத்தார். நாற்காலி சாய்ந்தது, கால்கள் படிக்கு நேராக வந்தன.

"நில்லு, நில்லு!" என்று அவள் கத்தினாள். முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவள் செதில் கையைப் புடவையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே குந்தி, மாமியாரின் இரண்டு பாதங்களையும் சேர்த்து எடுத்து, தன் மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "படியில பட்டுடப் போவுது. ஒசரமாத் தூக்கிப் புடிங்க" என்றாள்.

பின்பக்கமாகவே அவள் படியேறினாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை, அந்தப் பாதங்களையும் படியையுமே பார்த்துக்கொண்டு ஏறினாள். நாங்கள் படி தாண்டும்வரை நாற்காலியை உயர்த்திப் பிடித்து, வாசலில் தாழ்த்திக் குனிந்து அவளைத் தொடர்ந்து உள்ளே போனோம். நாற்காலி தரையில் உட்கார்ந்த பிறகுதான் அவள் குனிந்து, ஒவ்வொரு காலாக மெதுவாகத் தரையில் வைத்தாள். "இப்ப எழுந்திரு பாப்போம்" என்று தோளைக் காட்டினாள்.

மீன்காரம்மா அந்தத் தோளைப் பிடித்தார். பல்லைக் கடித்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. எழுந்தார். நான் கெஞ்சியும் மிரட்டியும் பட்டினி போட்டும் ஒரு எட்டு வைக்காத மகராசி, விறைத்த காலை இழுத்துக்கொண்டு அடுப்பு வரைக்கும் நடந்தார். மூடியைத் திறந்து குழம்பைக் கிளறி, விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னாடி கொயம்பு வச்சிகீற? புளியே இல்ல."

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் மருமகள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. மாமியாரின் முழங்கையைப் பிடித்திருந்த கையை மட்டும் அவள் விடவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஐயரம்மா சிவந்துபோன உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தார். ஊதுவதை நிறுத்திவிட்டு, மெல்லிய குரலில், "ஆமென்" என்றார். நானும் சொன்னேன்.